மின்னலைப் படம்பிடிக்க ஒரு கேமரா

அன்புள்ள கண்ணா,

இடிமழையைப் படம்பிடிக்க ஒரு ஹெச்டி கேம்கோர்டர் வாங்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதும் எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அதனால்தான் உடனே எதுவும் பேசவில்லை. வேண்டாம் என்றால் நீ என்னிடம் சொல்லாமல் போவாய், அது இன்னும் பயம். பல வருடம் வீடியோ கேமராவைத் தோளில் சுமந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கடையில் முதலில் ஜூமைத்தான் காட்டுவார்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் நூற்றுக்கணக்கில் போட்டிருப்பது டிஜிட்டல் ஜூம். இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். லென்ஸே நெருக்கமாகக் காட்டுகிற ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் பார். அதைவிட உனக்கு முக்கியம் அகலமான பார்வை. மேகம் திரள்வது வானம் முழுக்க நடக்கிற காரியம், ஒரு துண்டை மட்டும் பிடித்தால் அதன் உருவமே தெரியாது.

விலை குறைந்ததில் சோனி ஹெச்டிஆர்-சிஎக்ஸ்405-ஐ உதாரணமாக எடுத்துக்கொள். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், லென்ஸ் 26.8 மில்லிமீட்டரில் தொடங்குவதால் நல்ல அகலமான பார்வை. ஆனால் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் 1/5.8 அங்குலம்தான், ரொம்பச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். வெளி மைக் செருகவும் வழி இல்லை. புயல் மேகம் கவிந்தால் பகலே இருட்டாகிவிடுமே! அதனால் கையில் இருக்கிற பணத்துக்கு, சென்சார் பெரிதாக உள்ள பழைய மாடலைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதுதான் சரி என்பேன். படம் 1920×1080 புள்ளிகளில் இருந்தால் உனக்குத் தாராளம். வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பார். மூடியைப் போட்டு ஒரு நிமிடம் பதிவு செய். கறுப்புத் திரையில் அசையாமல் மினுங்கும் புள்ளி தெரிந்தால் விட்டுவிடு.

அப்புறம், மேனுவல் ஃபோகஸ், அதாவது கையாலேயே ஃபோகஸ் வைக்கும் வசதி, இல்லாத கேமராவைத் தொடவே தொடாதே. ஒரு ராத்திரி முழுக்க ஜன்னலோரம் நின்று மின்னலைப் பிடித்தேன். மறுநாள் போட்டுப் பார்த்தால், மின்னல் வெட்டும்போதெல்லாம் படம் கலங்கித் தெளிகிறது, தெளிந்து கலங்குகிறது. இருட்டில் பிடிமானம் கிடைக்காமல் ஆட்டோ ஃபோகஸ் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. சில நேரம் கண்ணாடியில் வழிந்த துளியைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடு. படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்கிற எக்ஸ்போஷரையும் அப்படியே கையால் வை.

சில கேமராக்களில் ப்ரீ-ரெக் என்று ஒரு வசதி உண்டு. பொத்தானை அழுத்துவதற்குச் சில வினாடி முன்னால் நடந்ததும் பதிவாகிவிடும். மின்னலுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை, கேட்டு வாங்கு. சில ஃபிரேமில் பாதி வெள்ளையாகவும் பாதி இருட்டாகவும் வரும், பயப்படாதே. சிமாஸ் வகைச் சென்சார் படத்தை வரிவரியாக வாசிப்பதால், நடுவில் மின்னல் வெட்டினால் அப்படித்தான் ஆகும்.

ட்ரைபாட், இன்னொரு பேட்டரி, மைக்குக்கு ரோம உறை மூன்றுக்கும் பணம் ஒதுக்கு. உறை இல்லாவிட்டால் காற்று மைக்கில் மோதும் சத்தத்தில் இடியே கேட்காது.

இனி எனக்காக ஒன்று. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கு. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், படம் எவ்வளவு அழகாக வந்தாலும் உள்ளே போ. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதே. வெட்டவெளியில் ட்ரைபாடுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. கூரை உலோகமாக உள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டேஷ்போர்டில் கேமராவை வைத்துப் பிடி. அங்கிருந்து எடுத்தாலும் மின்னல் மின்னல்தான்.

முதல் பதிவை வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்பு. காருக்குள் உட்கார்ந்து நீ எண்ணுகிற சத்தமும் அதில் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா