ஈரல் கொழுப்பும் எலும்புத் தேய்வும்: ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சித்திரை மாதம் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான ஒரு கட்டுரையை, என் அக்காவின் கிளினிக் கொப்பிக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு வரும் எலும்புத் தேய்வைத் தாவரச் சத்துகள் குணப்படுத்தும் என்று கூறும் அந்தக் கட்டுரையில், ஒரு வரிக்குக் கீழே அக்கா பேனையால் கோடிழுத்திருந்தார். "மலையக மக்கள் இதற்கு மாத்திரை தேடி அலைய வேண்டியதில்லை, அவர்களுடைய மருந்து அவர்களுடைய வாசலிலேயே முளைத்திருக்கிறது" என்பதே அந்த வரி.

அக்கா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். ஈரலில் கொழுப்பு இருப்பது சென்ற வருடம் ஸ்கேனில் தெரிந்தது. பிறகு கண்டிக்கு அழைத்துச் சென்று, காசு கட்டி எலும்பின் அடர்த்தியை அளக்கச் செய்தோம், அதுவும் குறைந்திருந்தது. வாரத்துக்கு ஒரு மாத்திரை தந்தார்கள். வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. தங்கள் கட்டுரையை வாசித்த வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டு, டவுன் கடையில் மஞ்சள் சாற்று மாத்திரையும் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையும் வாங்கிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. ஆவணியில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாத்திரையை நிறுத்தியதால்தான் முறிந்தது என்று நான் கூற வரவில்லை. விஞ்ஞானம் கற்பித்தவள் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் ஈரலின் அளவுகள் முன்னைவிட ஏறியிருப்பதைக் கண்ட வைத்தியர், "வேறு என்னம்மா குடிக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, அக்கா இடது கையால் பைக்குள் துழாவி அந்த இரண்டு போத்தல்களையும் தங்கள் பத்திரிகைத் துண்டையும் சேர்த்தே மேசையில் வைத்தார். பத்திரிகையில் போட்டிருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன ஒரே விளக்கம்.

ஈரலுக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. விற்றமின் D-யை உடலுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் முதற்படி ஈரலில்தான் நடக்கிறது. கொழுப்பேறி அழற்சியுற்ற ஈரலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சில பொருட்கள் எலும்பைக் கரைக்கும் கலங்களை (செல்களை) தூண்டிவிடுகின்றன. மஞ்சளிலுள்ள குர்க்குமின், மரமஞ்சளிலுள்ள பெர்பெரின், தேயிலையிலுள்ள கட்டெச்சின்கள் ஆகியவை ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலும் நம்பிக்கை தரும் பலன்களைக் காட்டியிருப்பதும் உண்மையே. அந்த ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆயினும், ஈரல் கொழுப்போடு வரும் எலும்புத் தேய்வுக்கான அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக இவற்றில் எதுவும் இன்னும் ஆகவில்லை. இதை ஒரு வாக்கியத்தில் எழுதத் தங்கள் பக்கத்தில் இடம் இருந்திருக்கும். கறியில் போடும் மஞ்சள் வேறு, செறிவாக்கி அடைத்த மஞ்சள் மாத்திரை வேறு. இத்தாலியில் 2019இல் அத்தகைய மாத்திரைகளை உட்கொண்டவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டது. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளின் மூலம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் EGCG என்ற கட்டெச்சின் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு நேரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இலேயே எச்சரித்தது. ஏற்கெனவே ஈரல் பழுதுபட்டவர்களை நோக்கி எழுதிய கட்டுரையில் இவ்விரண்டும் இல்லை.

வாசலில் முளைத்த மருந்து என்று தாங்கள் குறிப்பிடும் தேயிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கொழுந்தை வாட்டி, உருட்டி, செம்பு நிறம் வரும்வரை பரப்பி வைக்கும்போது, அந்தக் கட்டெச்சின்களில் பெரும்பகுதி வேறு பொருட்களாக மாறிவிடுகிறது. கறுப்புத் தேயிலைக்கு நிறத்தையும் சுவையையும் கொடுப்பவை அவையே. தோட்டத்து லயன் வீட்டில் நாங்கள் குடித்து வளர்ந்தது அந்தத் தூளில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. அதை எலும்புக்கு மருந்து என்று எங்களிடமே சொல்வதற்கு முன், எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

இது முதல் தடவையும் அன்று. உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலில் கொழுப்புச் சேராது என்று இதே பக்கம் முன்பு எழுதியது. மலையகத்தில் இரண்டு தோட்டங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மதுவால் வராத ஈரல் கொழுப்பு இருந்ததைச் சுட்டிக்காட்டி அப்போதே கடிதம் எழுதினேன். அந்த எண்ணையும் ஆய்வையும் நீக்கிவிட்டு, கட்டுரையைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகளை மட்டும் பிரசுரித்தீர்கள். தேயிலையின் மகிமையைப் பற்றி எது எழுதினாலும் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படத்தைப் போடுகிறீர்கள். அந்தப் பெண்ணின் முதுகும் இடுப்பும் ஐம்பது வயதில் எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதியதில்லை. கொழும்பில் இருப்பவருக்கு இதே நோய் வந்தால் நிபுணரைப் பார்க்கச் சொல்லும் தங்கள் பக்கம், எங்களை மட்டும் வாசலைப் பார்க்கச் சொல்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தத்தைப் பிரசுரியுங்கள். வைத்தியரைக் கேட்காமல் எலும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும், மூலிகை மாத்திரை எதையாவது எடுப்பவர்கள் அந்தப் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுசென்று காட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாயின் அந்த இரண்டு வரிகளை மட்டும் விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கா ஞாயிறுதோறும் தங்கள் பத்திரிகையை இன்னும் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
ஹட்டன்.