மொனாக்கோ ரேஸ் பாதியில் நின்றது: சந்தாப் பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: பிராட்பேண்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை ஆப்பில், வாட்ஸ்அப்பில், கஸ்டமர் கேரில், நேரில் என்று எல்லா வழியிலும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வருகிறது. எதைத் தீர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்.

2024 மே 26, ஞாயிறு மாலை ஆறரை மணி, மொனாக்கோ கிராண்ட் பிரீ, ஃபார்முலா 1 கார் ரேஸ். இதற்காகவே உங்கள் ஸ்போர்ட்ஸ் பேக்குக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டியிருந்தேன். முதல் லேப்பிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, பெரெஸ், மேக்னஸன், ஹல்கன்பெர்க் என்ற மூன்று டிரைவர்களும் மோதி ரெட் ஃப்ளாக்; ரேஸை நிறுத்திவிட்டார்கள். அதுவரை படம் பளிச்சென்றுதான் இருந்தது. ரேஸ் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செட்-டாப் பாக்ஸில் அந்த ஆரஞ்சு விளக்கு. எந்த விளக்கு என்று உங்களுக்கே தெரியும். முதலில் போய்க்கொண்டிருந்த லெக்லேரின் ஃபெராரி கார் டனல் வாசலில் அப்படியே உறைந்து நின்றது. ஃபோனில் திறந்தால், 'வேறொரு சாதனத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்கிறது!

கஸ்டமர் கேரில் பேசினாரே ஒருவர், அவரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. "இன்னைக்கு ஐபிஎல் ஃபைனல் சார், லோடு அதிகம்" என்றார். சரி, சேப்பாக்கத்தில் ஃபைனல், ஊரே பார்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்து சொன்னார் பாருங்கள்: "கார் ரேஸ்தானே சார், சும்மா சுத்திக்கிட்டேதான் இருப்பாங்க. யார் ஜெயிச்சாங்கன்னு நாளைக்கு பேப்பர்ல பாத்துக்குங்க." லைனும் கட். அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று முதலில் சொல்கிறீர்களே, அதைத் தயவுசெய்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

சும்மா சுற்றவில்லை. லெக்லேர் அந்த ஊர்ப் பையன். 2021-இல் போல் பொசிஷன், அதாவது முதல் ஆளாகப் புறப்படும் இடம், எடுத்தும் புறப்படும் வரிசைக்குப் போகும்போதே கார் பழுதாகி, ரேஸில் இறங்கவே முடியவில்லை. 2022-இல் மறுபடி போல். டயர் மாற்றக் காரை நிறுத்தும் பிட் ஸ்டாப்பில் டீம் சொதப்பி நாலாம் இடம். மொனாக்கோக்காரர் ஒருவர் அங்கே இதற்கு முன் கடைசியாக ஜெயித்தது 1931-இல், லூயி ஷிரோன். இந்த முறை முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள், உண்மைதான். ஆனால் பின்னால் இரண்டாவதாக வந்த பியாஸ்ட்ரியை வைத்துக்கொண்டு, ரெட் ஃப்ளாக்கில் மாட்டிய டயரை 78-ஆவது லேப் வரை காப்பாற்றியாக வேண்டும். இந்தத் தடவையாவது கார் வீடு வந்து சேருமா என்ற பதற்றம் அந்த ஆளுக்கு எங்கே புரியப்போகிறது? கடைசி லேப்களில் கண்ணீரால் டனலைத் தாண்டிப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது என்று லெக்லேர் பிறகு சொன்னார். என் டிவியிலும் அதே டனல்தான், அசையாமல்.

படம் காட்டாத அதே ஆப், நோட்டிஃபிகேஷனை மட்டும் நேரத்துக்கு அனுப்பியது: 'சொந்த மண்ணில் லெக்லேர் வெற்றி!' இதற்குப் பிறகு "ரீப்ளே இருக்கே சார்" என்கிறீர்கள். ஆறின காப்பியை நீங்களே குடியுங்கள்.

மறுநாள் லீவு போட்டு, கத்திரி வெயிலில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், "இது ஆப் கம்பெனி பிரச்சினை, அங்க கேளுங்க" என்றார்கள். ஆப் கம்பெனியோ 'உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தை அணுகவும்' என்கிறது. பணம் வாங்கியது யார்? நீங்கள்தானே? ஃபைனலும் ரேஸும் ஒரே நாளில் வருவது வாங்கும்போதே தெரியாதா?

பணம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும். 93 வருடம் கழித்து நடந்ததை என் வாழ்நாளில் இல்லாமல் செய்துவிட்டீர்கள். இனி யார் எத்தனை தடவை ஜெயித்தாலும் அது இதுவாகுமா?

ஆண்டுச் சந்தாவை முழுதாகத் திருப்பித் தரும்படியும், அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் வருத்தம் பெற்றுத் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். லீவு போட்ட சம்பளம், மன உளைச்சல் எல்லாவற்றையும் அங்கே சேர்த்துக் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

பி.கு.: பாக்ஸை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லிப் பதில் அனுப்ப வேண்டாம்.