குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: நமக்கு நாமே திட்டத்தில் பூங்காப் பணி

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா வரவு, உறுப்பினர் சேர்க்கை, தெருவிளக்குப் புகார்கள் ஆகியவை பொருளாளர் அறிக்கையிலும் கூட்டக் குறிப்பேட்டிலும் உள்ளன. இந்த ஆண்டு செயற்குழுவின் கவனம் பெரும்பாலும் ஒரே வேலையில்தான் இருந்தது: நம் மனைப்பிரிவின் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடத்தில் பூங்காவும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளும் அமைக்க அரசு நிதி பெறுவது. அது எந்த நிலையில் இருக்கிறது, ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை உறுப்பினர்கள் முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1997-98இல் தொடங்கி, இடையில் வேறு பெயரில் நடந்து, 2021-22இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது நமக்கு நாமே திட்டம். ஒரு பொதுப்பணியின் செலவில் பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தரும். மக்கள் பங்கு பாதி அல்லது அதற்கு மேல் இருந்தால் பணியை நாமே எடுத்துச் செய்யவும் வழியுண்டு. இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு ஒப்பந்தப்புள்ளி கோரிச் செய்யும். "பாதி போட்டால் நாமே செய்யலாமே" என்ற யோசனை செயற்குழுவில் வந்தது. ஆனால் நாமே செய்வதென்றால் செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவைப் புத்தகம், பட்டியல், பொருள் தரப் பரிசோதனை எல்லாம் நம் தலையில்தான். அதற்கு முழுநேரம் ஒருவர் நிற்க வேண்டும் என்பதால் மூன்றில் ஒரு பங்கே போதும் என்பது செயற்குழுவின் கருத்து.

பணம் இதில் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, இடம் யாருடையது? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். வரைபடத்தில் பச்சை நிறம் பூசி 'பூங்கா' என்று எழுதியிருந்தால் மட்டும் இடம் உள்ளாட்சிக்கு வந்துவிடாது. தானப்பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், பட்டாவும் மாறியிருக்க வேண்டும். நம் இடத்துக்குத் தானப்பத்திரம் இருக்கிறது. பட்டாதான் இன்னும் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே கிடக்கிறது. பல மனைப்பிரிவுகளில் இதே கதைதான். பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்தத் திட்டப் பணம் பொதுச் சொத்தில்தான் செலவாக முடியும் என்பதால், இது சரியாகாமல் கோப்பு நகராது. பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்தாகிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல், தானப்பத்திர நகல், வில்லங்கச் சான்று மூன்றும் இணைக்கப்பட்டுள்ளன. வில்லங்கச் சான்றில் சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது முக்கியம். உட்பிரிவு மாறியிருந்தால் மனு திரும்பிவிடும்.

அடுத்தது மதிப்பீடு. நாம் வெளியில் வாங்கிய விலைப்புள்ளியை வைத்து நம் பங்கைக் கணக்கிட முடியாது. உள்ளாட்சிப் பொறியாளர் பொதுப்பணித்துறை விலைவிகிதப் பட்டியலின்படி போடுவதோடு ஜிஎஸ்டியும் பிற சேர்மானங்களும் ஏறும். வெளியில் 12 லட்சம் என்று சொன்னது மதிப்பீட்டில் 15 லட்சமானால் நம் பங்கு 4 லட்சத்திலிருந்து 5 லட்சமாகும். எனவே நன்கொடை வசூலை மதிப்பீடு கைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். முன்னதாக வசூலித்துவிட்டு இரண்டாவது முறை வீட்டுக்கு வீடு போனால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மழைநீர்க் கிணற்றின் வடிவமைப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் காசு வீணாவது அதிகமும் இங்கேதான். 3 அடி விட்டமும் 15 அடி ஆழமும் உள்ள ஓர் உறைக்கிணறு சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக 800 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, 40 மி.மீ. கொட்டினால் அந்த ஒரு மாடியே ஒரு கிணற்றை நிரப்பிவிடும். மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதே மீதி. களிமண் வழியாக நீர் இறங்காது. மணல் அடுக்கு தட்டும்வரை தோண்ட வேண்டும், அல்லது கிணற்றடியில் ஒரு துளை போட்டு அந்த அடுக்கைத் தொட வேண்டும். முதலில் ஓரிடத்தில் தோண்டி மண்ணைப் பார்க்காமல் எத்தனை கிணறு என்று முடிவு செய்வது வீண்.

உள்ளே ஜல்லியும் மணலும் நிரப்பும் குழிகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஓரிரு மழைக்காலத்தில் வண்டல் அடைத்துக்கொள்ளும், பிறகு முழுவதையும் அள்ளி எடுத்துத்தான் கழுவ வேண்டும். காலியான உறைக்கிணறு என்றால் ஆள் இறங்கித் தூர் எடுக்கலாம். கிணற்றுக்கு முன் 2 அடிக்கு 2 அடி வண்டல் தொட்டி கட்டாயம். தொட்டியிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடித்தளத்திலிருந்து ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் மண் தொட்டியிலேயே படியும். சாக்கடை கலக்கும் சாலையோர நீரை எக்காரணம் கொண்டும் இதில் விடக்கூடாது, ஆழ்துளைக் கிணறுகள் கெட்டுவிடும்.

மரங்களுக்குப் புங்கன், வேம்பு, நாவல் என்று கேட்டிருக்கிறோம். ஆலும் அரசும் கிணற்றருகே வேண்டாம், வேர் உறையைப் பிளக்கும்.

பொதுக்குழு முடிவெடுக்க வேண்டியவை: மதிப்பீடு வந்தபின் நம் பங்கைச் சங்கச் சேமிப்பிலிருந்து எவ்வளவு, நன்கொடையாக எவ்வளவு என்பது ஒன்று. பணி முடிந்தபின் தண்ணீர் ஊற்றுதல், பூட்டுச் சாவி, விளக்குக் கட்டணம் ஆகியவற்றில் உள்ளாட்சி எதை ஏற்கும், சங்கம் எதை ஏற்கும் என்று இப்போதே எழுத்தில் கேட்பது இன்னொன்று. வண்டல் தொட்டிகளை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், தூர்வார சந்தாவில் தனித் தலைப்பு ஒதுக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

செயலாளர்