செயலாளரின் ஆண்டறிக்கை: தண்ணீர்க் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஒழுங்காகக் கூடியது. நடவடிக்கைக் குறிப்பேடு அலுவலகத்தில் இருக்கிறது, விரும்புவோர் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை மேடையில் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியும். இவற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஆண்டின் பெரும்பகுதியை ஒரே கேள்வி எடுத்துக்கொண்டது. ஒரே பகுதியில் வருடம் முழுக்க நெருக்கிப் பயிர் செய்து, விளைந்ததைக் கடல் கடந்து அனுப்பும் நம்மைப் போன்றவர்கள் இன்னும் எவ்வளவு காலம் இப்படியே ஓட்ட முடியும்?

இதை ஆராய அமைத்த துணைக்குழுவில் முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சி. "மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றுவது நல்லதுதான், ஆனால் அந்தச் செலவைச் சுமந்துகொண்டு போட்டிச் சந்தையில் நிற்க முடியாது" என்றது ஒன்று. "காப்பாற்றாவிட்டால் விற்கச் சரக்கே இருக்காது" என்றது மற்றொன்று. நம்மைவிட முன்னால் இந்தப் பாதையில் போன பகுதிகளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துவிட்டுப் பிறகு சண்டை போடுவோம் என்று முடிவாயிற்று. அப்படித் திரட்டியதைத்தான் இங்கே வைக்கிறேன்.

தெற்கு ஸ்பெயினின் அல்மெரியாவிலிருந்து தொடங்கினோம். முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பசுமைக்குடில்கள். விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் வெள்ளைத் திட்டாகத் தெரியும் பகுதி. 2006 இறுதியில் அங்கிருந்து போன குடைமிளகாயில், அந்த நாட்டில் அனுமதியே இல்லாத ஐசோஃபென்ஃபாஸ் மெத்தில் என்ற பூச்சிமருந்தின் எச்சத்தை ஜெர்மானிய ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்தன. தப்பு செய்தவர் சிலர்தான். பெயர் கெட்டது பகுதி முழுவதற்கும். அங்காடிகள் அல்மெரியா என்ற பெயரைப் பார்த்தே முகம் சுளித்தன. இலைப்பேனும் எந்த மருந்துக்கும் மசியாத நிலைக்கு வந்திருந்த நேரம் அது. ஆக, மருந்தை நம்பி இனிப் பிழைப்பில்லை என்பதற்குச் சந்தை ஒரு காரணம் கொடுத்தது, பூச்சி இன்னொரு காரணம் கொடுத்தது. அடுத்த ஓரிரு பருவங்களில் குடைமிளகாய்ப் பரப்பின் பெரும்பகுதி இயற்கை எதிரிகளைக் குடிலுக்குள் விட்டுப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறைக்கு மாறியது. ஒரியஸ் என்ற கொன்றுண்ணி நாவாய்ப்பூச்சியும் ஸ்விர்ஸ்கி என்ற கொன்றுண்ணிச் சிலந்திப்பேனும் அங்கே இன்று விதை, உரம் போலச் சாதாரண இடுபொருள்.

இதை நம் உறுப்பினர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். துணைக்குழு கவனித்தது வேறொன்றை. அந்த மாற்றம் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாக மனம் மாறியதால் நடக்கவில்லை. கூட்டுறவுகள், தொழில்நுட்ப ஆலோசகர்கள், பூச்சி உற்பத்தி நிறுவனங்கள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. ஒரு குடிலில் பூச்சியை விட்டு, அடுத்த குடிலில் மருந்தடித்தால் எதுவும் நிற்காது. பகுதியாக மாறினால்தான் மாற்றம்.

எச்சக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பயிருக்குத் தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைக்கும் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்தாலே போதும். கென்ய பீன்ஸில் டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்து அடிக்கடி தென்பட்டதால் 2013 முதல் பத்தில் ஒரு சரக்கைச் சோதிக்க ஒன்றியம் உத்தரவிட்டது. ஏற்றுமதியாளர்கள் தங்கள் பாதுகாப்புக்குச் சிறு விவசாயிகளைக் கழற்றிவிட்டுப் பெரிய பண்ணைகளிடம் போனார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அடி மட்டும் கீழே இருப்பவனுக்கு.

தண்ணீர்ப் பகுதியில்தான் விவாதம் சூடுபிடித்தது. சொட்டுநீர் போட்டுவிட்டோம், இனி என்ன என்பது நம்மில் பலர் கேட்பது. வாய்க்காலில் பாய்ச்சும்போது மிஞ்சுவதில் ஒரு பங்கு கீழே இறங்கி நிலத்தடிக்கே திரும்பும். சொட்டுநீரில் செடி குடிப்பது போக மிஞ்சுவது குறைவு. ஏக்கருக்குத் தண்ணீர்ச் செலவு குறைந்ததும் அந்த மிச்சத்தை வைத்து இன்னும் நான்கு ஏக்கர் போடுகிறோம். ஏக்கருக்குக் குழாயில் ஓடும் அளவு குறைகிறது, நீர்மட்டமும் குறைகிறது. இதில் கருவியின் குற்றம் ஒன்றுமில்லை. மொத்தம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்பு இல்லாத இடத்தில் சிக்கனம் பரப்பை விரிக்கத்தான் உதவும்.

பெருவின் இகா பாலைவனத்தில் மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நிலத்தடி நீரை வைத்து உலகச் சந்தைக்கு அஸ்பராகஸ் என்ற காய்கறியை விளைவித்தார்கள். வேலைவாய்ப்பும் பெருகியது, மறுக்க முடியாது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழமாகத் துளையிடப் பணம் இருந்தவர்கள் தொடர்ந்தார்கள், ஆழமற்ற கிணறு வைத்திருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கலிஃபோர்னியா 2014இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. மிக மோசமாக வற்றிய நிலத்தடி நீர்ப் படுகைகள் 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும். உள்ளூர் அமைப்புகளே திட்டம் போடலாம், ஆனால் சரியாகப் போடாவிட்டால் மாநிலம் உள்ளே வரும். 2024இல் துலாரே ஏரிப் படுகை விஷயத்தில் அப்படியே வந்தது. நாமே அளந்துகொள்கிறோமா, வேறொருவர் வந்து அளக்கட்டுமா என்பதே அங்கே கேள்வி. எனக்கு முதலாவதுதான் சம்மதம்.

ஸ்பெயினின் முர்சியா பகுதியில் உள்ள மார் மெனோர் உப்பங்கழி பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். 1979 முதல் தாஹோ ஆற்றின் நீர் மலை கடந்து வாய்க்காலில் வந்து கார்த்தகேனா சமவெளியைக் காய்கறித் தோட்டமாக்கியது. தழைச்சத்து கரைந்து கழிக்குள் இறங்கியது. 2016இல் நீர் பச்சையாயிற்று. 2019 அக்டோபரிலும் 2021 ஆகஸ்டிலும் மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. மக்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். 2022இல் அந்த நீர்நிலைக்கே சட்டப்படி ஓர் ஆளுக்குரிய உரிமைகள் வழங்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் அதன் சார்பில் வழக்குப் போடலாம். உரம் இடுவதில் கணக்கு வைக்காத விவசாயத்துக்கு எதிரே வாதியாக நிற்பது இப்போது ஒரு கழி. நெதர்லாந்தின் கதையும் தழைச்சத்துதான்: விவசாய ஏற்றுமதி மதிப்பில் அமெரிக்காவுக்கு அடுத்து நின்ற சின்னஞ்சிறு நாடு, தழைச்சத்து வெளியேற்றம் பற்றிய 2019 மே மாதத் தீர்ப்பு ஒன்றால் கட்டுமான, பண்ணை அனுமதிகளெல்லாம் முடங்கி, அந்த அக்டோபரில் டிராக்டர்கள் ஹேக் நகரை நோக்கி வரிசை கட்டின.

பிளாஸ்டிக் ஷீட் பற்றி ஒரு வார்த்தை. 2012இல் தெற்கு ஸ்பெயின் கடற்கரையில் இறந்து ஒதுங்கிய ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வயிற்றில் சுமார் 17 கிலோ பிளாஸ்டிக் இருந்தது, அதில் பெரும்பகுதி பசுமைக்குடில் பொருட்கள். பழைய ஷீட்டை ஓடையோரம் குவித்து வைத்திருக்கும் உறுப்பினர்கள் தயவுசெய்து அகற்றவும்.

இவ்வளவு செய்தும் விலை நம் கையில் இல்லை என்ற குறை கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்தது. அது நியாயமான குறை. 1997இல் ஐரோப்பிய அங்காடிகள் யூரெப்கேப் என்று தொடங்கி, 2007 முதல் குளோபல்கேப் என்றாகிய, நல்ல விவசாய முறைக்கான சான்றிதழ் ஒரு காலத்தில் கூடுதல் மதிப்பு. இன்று நுழைவுச்சீட்டு மட்டும்தான். இருந்தால் உள்ளே விடுவார்கள், அதற்காகக் கூடுதல் விலை தர மாட்டார்கள். ஆகவே காப்பாற்றும் செலவு சந்தையிலிருந்து தானாகத் திரும்பி வரும் என்று உங்களிடம் சொல்ல நான் தயாராக இல்லை. அந்தச் செலவைத் தனியாகச் சுமப்பதா, சேர்ந்து சுமப்பதா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. குழுச் சான்றிதழில் வெளி ஆய்வாளர் எல்லாப் பண்ணைக்கும் வர வேண்டியதில்லை. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பார்த்தால் போதும். நூறு பேர் என்றால் பத்துப் பண்ணை. ஆனால் உள் ஆய்வை நாமே நேர்மையாகச் செய்ய வேண்டும். ஒருவர் ஏமாற்றினால் சான்றிதழ் மொத்தமும் தொங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அடி விழலாம். 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை தொற்று பரவியபோது ஸ்பானிய வெள்ளரிதான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தத் தொற்றுக்குக் காரணம் வெந்தய முளைப்பயறு என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வெள்ளரி வயலிலேயே அழுகியது. ஒன்றியம் 21 கோடி யூரோ நிவாரணம் ஒதுக்கியது. எந்த வயல், எந்த நாள், எந்தப் பெட்டி என்ற பதிவை உடனே எடுத்து நீட்ட முடிந்தால், அப்படி ஒரு வதந்தி வரும் நாளில் மறுக்கவாவது கையில் ஏதாவது இருக்கும். பதிவேட்டை அலுப்பாக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

துணைக்குழு மூன்று தீர்மானங்களைப் பரிந்துரைக்கிறது. அறுவடைக்கு முன் எச்சப் பரிசோதனையைச் சங்கமே மொத்தமாக ஏற்பாடு செய்வதில் கருத்து வேறுபாடு இல்லை. சான்றிதழ்ச் செலவில் ஏற்றுமதியாளரும் பங்கு ஏற்க வேண்டும் என்பதில் ஏற்றுமதி செய்யும் உறுப்பினர்கள் எழுத்து மூலம் மாற்றுக் கருத்து பதிவு செய்திருக்கிறார்கள். அது குறிப்பேட்டில் இணைக்கப்பட்டுள்ளது. எல்லா ஆழ்துளைக் கிணறுகளிலும் மீட்டர் பொருத்தி, அளவைச் சங்கத்தின் பொதுப் பதிவேட்டில் எழுதும் மூன்றாவது தீர்மானத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். அளவு வெளியே தெரிந்தால் நாளைக்கு அதையே காட்டி வரி போடுவார்கள் என்ற அச்சம் வீண் அச்சம் அல்ல. பதிவேடு சங்கத்துக்குள்ளேயே இருக்கும் என்ற வாசகத்தைத் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம். அது போதாது என்று நினைப்பவர்கள் திருத்தத்தை எழுதி, தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் கொடுக்கவும். பொருளாளர் கணக்கு வாசித்து முடித்ததும் வாக்கெடுப்பு.

பணிவுடன்,
செயலாளர்