பட்டாளத்துப் பூட்டனைத் தேடும் அறிவித்தல்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் பத்திரிகையில் மரண அறிவித்தல்களுக்கு அடுத்தாற்போல இப்போது ஒரு சிறிய விளம்பரம் அடிக்கடி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்த எங்கள் பூட்டனார் கந்தையாவைத் தெரிந்தவர்கள் அறியத் தரவும் என்ற மாதிரி. கீழே கனடாவிலோ நோர்வேயிலோ ஒரு தொலைபேசி இலக்கம். அந்த ஆவலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் இல்லாத, தகப்பன் பெயர் இல்லாத, வருடமும் இல்லாத ஒரு கந்தையாவை யாழ்ப்பாணத்தில் எவர் அடையாளம் காட்டுவது? இதே அரைகுறை விபரத்தோடு லண்டனுக்கும் எழுதுகிறார்கள். பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்ததும், பூட்டனார் பட்டாளத்திலேயே இருக்கவில்லை என்றோ, தாளெல்லாம் எரிந்துபோயிற்று என்றோ முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் பிழை. தட்டிய கதவுதான் மாறிப்போயிருக்கும்.

பட்டாளத்தில் இருந்தவர் என்று வீட்டில் சொல்லும் ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கும். இலங்கைப் பாதுகாப்புப் படையின் சிலோன் லைற் இன்பன்றி என்ற காலாட்படையில் இருந்திருக்கலாம். கரிசன் ஆட்டிலறியில் பீரங்கிக்காரனாக இருந்திருக்கலாம். பிரித்தானியப் படையின் பயனியர் கோர் என்ற உடலுழைப்புப் பிரிவிலோ ஆர்மி சேர்விஸ் கோர் என்ற போக்குவரத்து, வழங்கல் பிரிவிலோ சேர்ந்து எகிப்துக்குப் போயிருக்கலாம். தொண்டர் கடற்படையாக இருக்கலாம். மலாயாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அங்கத்தைய தொண்டர் படையில் சேர்ந்தவராகவோ, பிறகு நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவராகவோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் பலாலியில் விமானப்படைக்கு ஓடுபாதை போட்ட வேலையில் மேற்பார்வையாளராக நின்றிருக்கலாம். ஒவ்வொன்றின் தாளும் ஒவ்வொரு இடத்தில் கிடக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் எந்தக் காப்பகத்துக்கும் எழுதிப் பயனில்லை.

அதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு றங்குப்பெட்டிகள் பல போய்விட்டன என்பது உண்மை. ஆனாலும் சீருடையோடு எடுத்த படம் ஒன்று யாராவது ஒரு பெரியம்மா வீட்டுச் சுவரில் தொங்கும். முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கெய்ரோ ஸ்ரூடியோ ஒன்றின் முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது. பென்சில் எழுத்து மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள்; அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். அல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் பண்ணி, தொப்பிச் சின்னத்தையும் தோள்பட்டை எழுத்தையும் தனித்தனியே பெருப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து லமினேற் பண்ணக் கொடுக்காதீர்கள். இராமபாணப் பூச்சி தின்றதைவிட லமினேற் சூட்டில் கெட்ட தாள்கள் இந்தக் குடாநாட்டில் கூட இருக்கும் போலிருக்கிறது.

மார்பில் இருக்கும் பதக்க றிபன் வீட்டுக் கதையைவிட நம்பத்தக்கது. பர்மாவில் சண்டை பிடித்தவர் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வரும் வீட்டில் கிடக்கும் றிபன் வெளிறிய மணல் நிறம், நடுவில் அகலமான சிவப்பு, ஒரு பக்கம் கருநீலக் கோடு, மறுபக்கம் வெளிர்நீலக் கோடு என்றால் அது ஆபிரிக்கா ஸ்ரார் என்ற பதக்கத்தின் றிபன். 1940 யூன் 10 முதல் 1943 மே 12 வரைக்குள் வட ஆபிரிக்கக் களத்தில் நின்றவருக்குரியது. பர்மா ஸ்ராரின் றிபன் கருநீலம். நடுவில் சிவப்பு, இரு பக்கமும் செம்மஞ்சள் கோடு. இலங்கைக்குள் மட்டும் இருந்த தரைப்படைச் சிப்பாய்க்கு அது கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைத் தேட வேண்டாம், கோடுகளின் அகலத்தையும் ஒழுங்கையும் பாருங்கள். அந்தக் காலத்துப் படச்சுருள் சிலவற்றில் சிவப்பு முழுக் கறுப்பாகவே விழும். றிபன் படத்தின் வயதையும் சொல்லும். ஆபிரிக்கா ஸ்ரார் 1943 யூலையில்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே அது தெரியும் படம் அதற்குப் பிந்தியது.

பதக்கத்தின் விளிம்பில் பெயர் இல்லையே, வேறு யாருடையதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் போருக்கு பிரித்தானியா வழங்கிய இந்தப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவே இல்லை. பெயர் இருந்தால் வீட்டுக்காரர் பின்னர் தட்டானிடம் கொடுத்து வெட்டுவித்தது. பதக்கமே இல்லை என்பதாலும் ஒன்றும் நிரூபணமாகாது. தரைப்படையினர் விண்ணப்பித்தே பெறவேண்டியிருந்தது. விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது சேவை இலக்கம். ஏ.பி. 64 என்ற சிறிய சம்பளப் புத்தகத்திலும், விடுவிப்புச் சான்றிதழிலும், கழுத்தில் கட்டிய அடையாள வில்லைகளிலும் அது இருக்கும். வில்லைகள் இரண்டு, பச்சை எண்கோணம் ஒன்று, சிவப்பு வட்டம் ஒன்று. அழுத்திய நாரினால் செய்தவை என்பதால் ஈரத்தில் ஊதி எழுத்து அழியும். துடைக்கவோ கழுவவோ வேண்டாம். இலக்கத்துக்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்தையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்மி சேர்விஸ் கோரில் 'ரி' என்றால் போக்குவரத்துப் பகுதி, அநேகமாகச் சாரதி. 'எஸ்' என்றால் வழங்கல் பகுதி.

இலக்கம் இல்லாவிட்டால் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மு. கந்தையா என்றால் எங்கள் வழக்கில் கந்தையா சொந்தப் பெயர், மு. என்பது தகப்பன் முருகேசு. இராணுவ இலிகிதர் கந்தையாவையே குடும்பப் பெயராக எடுத்து 'கே' வரிசையில் போட்டிருப்பார். ரொறன்ரோவில் இருக்கும் பூட்டப்பிள்ளையோ தன் பாஸ்போட்டில் உள்ள குடும்பப் பெயரை, அதாவது தன் தகப்பன் பெயரை அடித்துத் தேடுகிறார். எப்படிக் கிடைக்கும்? மலாயாப் பதிவில் இரண்டு பெயரும் இடம்மாறி முருகேசு முன்னுக்கு வந்திருக்கவும் கூடும். சின்னத்தம்பி ஆங்கிலத்தில் எஸ்ஸிலும் தொடங்கும், சி-எச்சிலும் தொடங்கும். தம்பியில் 'எச்' இருக்கும், இல்லாமலும் போகும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். வட்டுக்கோட்டைக்கு நாங்கள் இரண்டிரண்டாக 'டி' போடுவோம். இந்திய, மலாயா இலிகிதர்கள் 'ரி' போடுவார்கள். பழைய மிசன் காரர்கள் பற்றிக்கோட்டா என்றே எழுதினார்கள். வேதத்துக்கு மாறிய குடும்பமென்றால் ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி ஒவ்வொன்றாகத் தேடி, தேடியதை வெட்டிக்கொண்டு போகாவிட்டால் பத்தாம் முறையும் முதலாவதையே தேடுவீர்கள்.

பிரித்தானியப் படையில் இருந்தவர் என்றால், பாதுகாப்பு அமைச்சு தன்னிடமிருந்த சேவைக் கோவைகளில் ஏறக்குறைய 97 இலட்சத்தை 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. பிறந்து 115 வருடம் ஆகாதவரின் கோவை மூடியே இருக்கும். திறக்க மரணச் சான்று கொடுக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்கள் இடறுகிறார்கள். மரணச் சான்றிதழில் 'முருகேசு கந்தையா', படையில் 'எம். கண்டையா', பிறந்த வருடம் இரண்டிலும் வேறு. வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிச் சேர்ந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிரதேச செயலகத்தில் சான்றிதழின் பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலமாக்கி, இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசியும் சேர்த்து அனுப்புங்கள். எரிந்துபோயிற்று என்ற கதைக்கு வருவோம். 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் லண்டனில் எரிந்தவை முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் தாள்கள். இரண்டாம் போர்க் கோவைகளுக்கும் அந்த நெருப்புக்கும் சம்பந்தமில்லை.

கோவை கிடைத்த பிறகும் ஒரு பயம் வரும். தாளில் எஸ்.ஓ.எஸ். என்று கண்டு ஆபத்து, மரணம் என்று பதறுகிறார்கள். அது அந்தப் பிரிவின் ஆட்தொகையிலிருந்து நீக்கப்பட்டார் என்பதன் சுருக்கம். இடமாற்றத்துக்கும் அதையே எழுதுவார்கள். ரி.ஓ.எஸ். என்பது சேர்க்கப்பட்டார். எம்.ஈ.எப். என்றால் மத்திய கிழக்குப் படை, சி.எம்.எப். என்றால் இத்தாலிப் பக்கம். பிரிவின் பெயர் தெரிந்தால் அதன் போர் நாட்குறிப்பைக் கியூவில் கேட்கலாம்: கேட்க வேண்டிய வரிசை இலக்கம் மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு 170, தென்கிழக்காசியாவுக்கு 172. அவற்றில் அதிகாரிகளின் பெயர்தான் பெரும்பாலும் வரும். சிப்பாய் கந்தையா வரமாட்டார்; ஆனால் அவர் இருந்த முகாம் எந்தத் திகதியில் எங்கே இருந்தது என்று வரும்.

பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத் தேடலில் பெயர் இல்லை என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. அது இறந்தவர்களின் பட்டியல், அதுவும் 1947 டிசெம்பர் 31 வரைக்குள் இறந்தவர்களுடையது. உயிரோடு திரும்பி வந்து கலியாணம் கட்டியவர் அதில் இருக்கமாட்டார். இறந்தவரைத் தேடுவதானால் பெயரை விட்டுவிட்டு, மேலதிக விபரம் என்ற கட்டத்தில் ஜாவ்னா என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.

கடற்படைக்காரரின் படத்தில் தொப்பி நாடாவில், பிரித்தானியப் போர்க்கப்பல் பெயருக்கு முன்னால் வரும் எச்.எம்.எஸ். என்ற எழுத்துகள் மட்டும் இருக்கும். போர்க்காலத்தில் கப்பலின் பெயரை மறைத்தார்கள். அது தெரியாமல் கப்பல் பெயர் அழிந்துவிட்டது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தாளில் எச்.எம்.எஸ். லங்கா என்றிருந்தாலும் அது மிதந்த கப்பலல்ல, கொழும்பிலிருந்த தரைத்தளம். எச்.எம்.எஸ். ஹைபிளையர் என்றால் திருகோணமலைத் தரைத்தளம்.

மலாயா சிக்கலானது. மலாயன் பென்சனியர் வீடுகளில் கிடக்கும் யப்பான்காலத் தாளில் 2603 என்று வருடம் போட்டிருக்கும். அச்சுப் பிழையல்ல, யப்பானிய ஆண்டுக் கணக்கு. 660 ஐக் கழித்தால் 1943. வெறும் 18 என்றிருந்தால் அது யப்பானியச் சக்கரவர்த்தியின் ஆட்சி வருடம்; 1925 ஐக் கூட்டுங்கள், அதே 1943. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தபோது தொண்டர் படையிலிருந்த ஆசியர் பலர் சீருடையோடு தாளையும் எரித்துவிட்டார்கள், பிடிபட்டால் தலை போகும் என்பதால். ஆகவே அங்கே தாள் இல்லாமை இயல்பு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. யப்பானியர் ஆக்கிரமித்திருந்த காலத்து சியோனான் பத்திரிகையும் அதில் உண்டு; சியோனான் என்பது சிங்கப்பூருக்கு அவர்கள் வைத்த பெயர். போருக்கு முந்திய ஸ்ரெயிட்ஸ் ரைம்ஸ் பத்திரிகையில் பெயரோடு வேலை பார்த்த இடத்தின் பெயரையும் சேர்த்து அடித்துத் தேடுங்கள்.

இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவருக்குப் பிரித்தானியப் பதக்கமும் இல்லை, கியூவில் சேவைக் கோவையும் இராது. புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997 இல் கொடுக்கப்பட்ட 990 கோவைகளில் தேட வேண்டும். அபிலேக் பட்டல் என்ற அதன் இணையத்தளத்தில் தொடங்கலாம். விசாரணைத் தாளில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று கண்டால் தோலின் நிறமென்று நினைக்காதீர்கள். நேதாஜி பக்கம் எவ்வளவு உறுதியாக நின்றார் என்று பிரித்தானியர் போட்ட தரம் அது.

இலங்கைப் பாதுகாப்புப் படையின் சாதாரண சிப்பாய்க்குத்தான் தடயம் மிகக் குறைவு. அதிகாரிகளின் நியமனங்கள் அரசாங்க வர்த்தமானியில் வந்தன. கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பார்க்கலாம், கியூவில் சி.ஓ. 58 வரிசையிலும் உண்டு. சிப்பாய்க்குப் பத்திரிகையும் பாடசாலை மலரும்தான் கைகொடுக்கும். 1981 இல் எங்கள் பொது நூலகத்தோடு எரிந்தவை திரும்பி வரா. ஆனாலும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழகேசரிப் பத்திரிகையின் இதழ்கள் இருக்கின்றன. பாடசாலை மலர்களில் பழைய மாணவர் செய்தி என்ற கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். இன்னார் இராணுவத்தில் சேர்ந்துள்ளார் என்று ஒற்றை வரியில் வரும். கரிசன் ஆட்டிலறியில் இருந்தவரைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால், அந்தப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பிய 1942 மே மாதக் கொக்கோஸ் தீவுக் கலகத்தையும் மனதில் வைத்துத் தேடுங்கள். மூவர் தூக்கிலிடப்பட்டார்கள், வேறு பலர் சிறைக்குப் போனார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. இத்தகைய அறிவித்தல் கொண்டுவருபவரிடம் தகப்பன் பெயர், ஊரும் குறிச்சியும், படித்த பாடசாலை, ஏறத்தாழப் பிறந்த வருடம், படமோ இலக்கமோ உண்டா என்பதை உங்கள் விளம்பரப் பகுதியினர் கேட்டு வாங்கிப் போட்டால் பதில் சொல்ல ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வரி கூடும். அந்த மூன்று வரிக்கு மட்டும் காசு வாங்காமல் விடலாமா என்று யோசியுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.