ஃபார்மட் செய்த பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறுகிறவர்களும், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி தங்கள் கணினியில் இல்லாததால் லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களும் பலர். எந்த வழியில் போனாலும், "முதலில் ஃபார்மட் செய்துவிடலாம், ஏதாவது விட்டுப்போயிருந்தால் ரெக்கவரி மென்பொருள் போட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்ற ஆறுதல் மொழி இன்னமும் தாராளமாகச் சொல்லப்படுகிறது. அது பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் ஓரளவுக்குப் பொருந்திய பேச்சு. இன்றைய கணினிகளில் அதை நம்பி இறங்குவது ஆபத்து என்பதைத் தங்கள் நாளிதழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிக்கும்போதும், விரைவு ஃபார்மட் செய்யும்போதும், எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற பதிவேடுதான் முதலில் போகிறது. கோப்பின் உள்ளடக்கம், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை, இருந்த இடத்திலேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஆனால் ஃபார்மட் செய்த கையோடு புதிய இயங்குதளமும் அதே பகுதியில் நிறுவப்படுவதால், பல ஜிபி அளவுக்குப் புதிய கோப்புகள் பழையவற்றின் மேல் வந்து அமர்ந்துவிடுகின்றன. தப்பியதை ஃபோட்டோரெக் தேடி எடுத்துக் கொடுத்தாலும், கோப்பின் தொடக்க அடையாளத்தை மட்டும் பார்த்து அது எடுப்பதால், பெயரும் கோப்புறை அமைப்பும் பெரும்பாலும் திரும்ப வராது. ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களைப் பெயராகத் தாங்கி ஒரே குவியலாக வரும்போது, அவற்றில் எது எது என்று பிரிப்பதே பெரும் வேலையாகிவிடும். விரைவு ஃபார்மட்டுக்குப் பதிலாக முழு ஃபார்மட் செய்திருந்தால் அதுவும் இல்லை. விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸின் முழு ஃபார்மட் வட்டு முழுவதிலும் சுழியங்களை எழுதிவிடுகிறது.

சுழலும் தட்டு இல்லாமல் நினைவகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு வந்த பிறகு நிலைமை இன்னும் கடுமையாகிவிட்டது. ஒரு கோப்பு அழிக்கப்பட்டதும், "இந்த இடங்கள் இனித் தேவையில்லை" என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கிறது. இதற்கு ட்ரிம் என்று பெயர். விண்டோஸில் இது 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே உண்டு. ஃபார்மட் செய்யும்போது அந்தப் பகுதி முழுவதற்கும் இதே தகவல் போய்விடுகிறது. அதன் பிறகு வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு தனக்கு வசதியான நேரத்தில் அந்த இடங்களைத் துடைத்துவிடும். எந்த மென்பொருளைப் போட்டுத் தேடினாலும் அங்கே கிடைப்பது பெரும்பாலும் வெறுமைதான். பெரும்பாலும் ட்ரிம் நடக்காத பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் அழித்ததைச் சுலபமாக மீட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல் ஏமாறுகிறார்கள்.

இத்துடன், சாவி இல்லாமல் வட்டைப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கமும் சேர்ந்துகொள்கிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழைந்ததுமே, பயனர் கேட்காமலேயே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. அத்தகைய வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி வழக்கமாக அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தோம் என்பதே மறந்துபோனவர்களுக்கு அதனால் என்ன பயன்? நிறுவலைத் தொடங்கும் முன்பே சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் மிகவும் வருந்துவது வேறொன்றுக்காக. "விண்டோஸ் திறக்கவில்லை" என்றவுடன் கோப்புகளும் போய்விட்டதாக முடிவு கட்டி, நேரே ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். இயங்குதளம் கெட்டுப்போவதும் வட்டு கெட்டுப்போவதும் தனித்தனி விஷயங்கள். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, வட்டில் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினால், விண்டோஸின் கோப்புறைகளைத் திறந்து வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம் (குறியாக்கம் இருந்தால் மட்டும் மேலே சொன்ன மீட்புச் சாவி வேண்டும்). அதற்குச் செலவாவது சில மணி நேரம் மட்டுமே. விண்டோஸை அதே பகுதியில் ஃபார்மட் செய்யாமல் நிறுவினால் பழைய கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படும் என்பதும் உண்மைதான். ஆனால் வழக்கமாகப் பத்து நாளில் அது தானாகவே நீக்கப்பட்டுவிடும் என்பதைச் சொல்வாரில்லை.

நகலெடுக்கும்போதும் சில விடுபட்டுப்போகின்றன. டெஸ்க்டாப்பில் இருப்பவை சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. உலாவியின் புத்தகக்குறிகள், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, கணக்கு மென்பொருளின் தரவு ஆகியவை மறைந்திருக்கும் கோப்புறைகளிலோ, மென்பொருள் தானே தேர்ந்தெடுத்த இடத்திலோ இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்களை வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவணம் பத்திரமாக இருந்தும் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் இருக்கும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் எல்லாம் இருக்கிறது என்று அமைதி கொள்வோர், ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிவதுதான் ஒத்திசைவு என்பதை நினைவில் கொள்வது நல்லது.

நகலை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் தேவை. அதே வட்டின் டி பகுதிக்கு நகர்த்திவிட்டு, நிறுவும் திரையில் வரிசையாகத் தெரியும் பகுதிகளில் தவறான ஒன்றை அழித்துவிடுவது எளிதில் நேரக்கூடியது. கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துவிட்டு, அதே பென் டிரைவை நிறுவல் வட்டாக மாற்றினால், அதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. நீண்ட காணொளிகளும் அஞ்சல் கோப்புகளும் இப்படித்தான் விடுபடுகின்றன. தனி வெளி வட்டுக்கு நகலெடுத்து, அதை வேறொரு கணினியில் பொருத்திச் சில கோப்புகளையாவது திறந்து பார்த்து, பிறகு கழற்றி வைத்துவிட்டுத்தான் நிறுவலைத் தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் தவறிவிட்டால், அந்தக் கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். மீட்பு மென்பொருளை அதே வட்டில் பதிவிறக்கி நிறுவுவது, தேடும் பொருளின் மேலேயே எழுதுவதாகும். வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, மீட்டவற்றை மூன்றாவது இடத்தில் சேமிக்க வேண்டும். டக் டக்கென்று ஒலி எழுப்பும் ஹார்ட் டிஸ்க்கை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது இருக்கிற வாய்ப்பையும் கெடுத்துவிடும். அது மீட்பு நிபுணரிடம் போக வேண்டிய வட்டு.

கணினி பழுது பார்ப்போருக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். வேலையை ஏற்கும் சீட்டில் எந்தெந்தக் கோப்புறைகள் நகலெடுக்கப்பட்டன, வட்டு எஸ்எஸ்டியா, குறியாக்கம் இருந்ததா என்ற மூன்றையும் எழுதி, நகலைத் திறந்து காட்டி, உரிமையாளரிடம் கையொப்பம் பெற்ற பிறகே ஃபார்மட் செய்யட்டும். தாங்களும் தொழில்நுட்பப் பகுதியில், புதிய இயங்குதளத்தின் சிறப்புகளை விவரிக்கும் கட்டுரைகளோடு, நிறுவலுக்கு முன் செய்ய வேண்டியவற்றைப் படங்களுடன் ஒரு முறை வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்