நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டுப் போடப் போகிற மகனுக்கு

எடிசன், நியூ ஜெர்சி
20 ஜனவரி 2020

அன்புள்ள கண்ணு,

நாஷுவாவில் பனி கொட்டுகிறது என்று போட்டோ அனுப்பியிருந்தாய். அதில் பனியைவிட உன் தலையில் இருந்த, ‘மேத்’ (கணக்கு) என்று எழுதிய தொப்பிதான் என் கண்ணில் பட்டது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடுகிற ஆண்ட்ரூ யாங்குக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறாயாம். அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. திட்டுவேன் என்று நினைத்தாய் போல. திட்டப் போவதில்லை. போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே விழுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

உன் ஓட்டுக்கு இருக்கிற கனம் எங்கள் ஓட்டுக்குக் கிடையாது. கட்சி வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போடுகிற பிரைமரி இங்கே ஜூன் 2ஆம் தேதி. அதற்குள் போட்டியாளர்களில் முக்கால்வாசிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள். மிஞ்சி நிற்கிற பெயரில் குறி போட்டுவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. நீ பிப்ரவரி 11ஆம் தேதியே போடுகிறாய், உனக்கு முன்னால் அயோவாக்காரர்கள் மட்டும்தான். நீ எந்தக் கட்சியிலும் பதியவில்லை. அன்றைக்குப் போய் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொல்லி வாங்கலாம், போட்டுவிட்டு வெளியே வரும்போது மறுபடி கட்சி சாராதவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். எங்களுக்கு இல்லாத இந்த வாய்ப்பை ஒரு தொப்பிக்காகச் செலவழிக்காதே என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் பேசியதை உட்கார்ந்து கேட்டேன், கேட்டபின் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

நான் கவுண்டி அலுவலகத்தில், ஏழைகளுக்கு உணவு வாங்க அரசு தருகிற ஃபுட் ஸ்டாம்ப் உதவிக்கான கவுண்டரில் இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கும் என்பதை உனக்குச் சொன்னதே இல்லை. கையில் ஒரு மஞ்சள் கவரோடு வருவார்கள். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, கரண்ட் பில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கும். ஒரு அம்மா இரண்டு வேலை பார்த்தாள். ஒரு மாதம் ஓவர்டைம் சேர்ந்ததில் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, உதவி நின்றது. அடுத்த மாதம் ஓவர்டைம் இல்லை. மறுபடி அதே கவரோடு வந்து, முதல் பாரத்திலிருந்து ஆரம்பித்தாள். “இன்னும் கொஞ்சம் குறைவா உழைச்சிருந்தா நல்லா இருந்திருப்பேன், இல்லையா மேடம்?” என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

அதனால் 18 வயது தாண்டிய ஒவ்வொரு குடிமகனுக்கும் மாதம் ஆயிரம் டாலர், பாரம் கிடையாது, கவர் கிடையாது, ‘நீ எவ்வளவு ஏழை’ என்ற விசாரணை கிடையாது என்று யாங் சொன்னபோது எனக்கு அது கிறுக்குத்தனமாகத் தோன்றவில்லை. முப்பது வருஷம் செனட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தோன்றாதது, ஒரு தேர்தலிலும் நிற்காத ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் மாநிலத்துக் கோஃப்ஸ்டவுனில் ஒரு குடும்பத்துக்குத் தன் கைக்காசிலிருந்தே மாதாமாதம் கொடுத்துக் காட்டினார். அலாஸ்காவில் 1982 முதல் எண்ணெய்ப் பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள், போன வருஷம் 1,606 டாலர். குடியரசுக் கட்சியின் கோட்டை அது, அங்கே யாரும் அதை இலவசம் என்று ஏசுவதில்லை. வெளியாளுக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன். எதைப் பேசக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சரி, இனி என் சந்தேகம். அந்தத் திட்டத்தைக் கவுண்டரில் உட்கார்ந்து படிப்பதுபோல் படித்தேன். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு அதற்கு மேல் ஆயிரம் வரும். ஆனால் ஃபுட் ஸ்டாம்ப்பும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் மாதாமாதம் தருகிற எஸ்எஸ்ஐ உதவியும் வாங்குகிறவர்கள் அதுவா இதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாக வாழ்கிற, உடல் முடியாத ஒருவருக்கு எஸ்எஸ்ஐ அதிகபட்சம் 783 டாலர். நியூ ஜெர்சி அதன்மேல் ஒரு முப்பது சொச்சம் போடுகிறது. ஃபுட் ஸ்டாம்ப் சேர்ந்தால் சிலருக்கு ஆயிரத்தைத் தொட்டுவிடும். அப்படிப்பட்டவருக்கு யாங் திட்டத்தால் லாபம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணத்தைத் திரட்டப் போடுகிற 10 சதவீத வாட் வரி மட்டும் அவர் தலையிலும் விழும். மளிகை மாதிரி அத்தியாவசியங்களுக்கு விலக்கு உண்டு என்கிறார், இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருக்கிறவர் போன் வாங்க மாட்டாரா? கைநிறையச் சம்பாதிக்கிற உனக்கு மாதம் ஆயிரம் கூடுகிறது, அவருக்கு விலைவாசி கூடுகிறது. கவுண்டருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக் கணக்கு வேறாகத்தான் இருக்கும், கண்ணு.

கணக்கு என்றதும் இன்னொன்று. 23, 24 கோடிப் பேருக்கு வருஷம் 12,000 என்றால் ஏறக்குறைய 2.8 லட்சம் கோடி டாலர். போன நிதியாண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவே 4.4 லட்சம் கோடிதான். வாட் வரியில் 80,000 கோடி வரும் என்று அவரே சொல்கிறார். மிச்சத்துக்குப் பொருளாதாரம் வளரும், மற்ற உதவிகளின் செலவு குறையும் என்கிறார். தொப்பியில் கணக்கு என்று எழுதிக்கொண்டவரிடம் இதைக் கேட்பதில் தப்பில்லை.

பணம்கூட எப்படியாவது வந்துவிடும் என்று வை. சட்டமாக்குவது யார்? மாதிரிக்கு ஒரு பழைய கதை. 1969இல் அதிபர் நிக்சன் இதே சாயலில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வருமானமே இல்லாவிட்டாலும் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 1,600 டாலர். அவர் வெளியாள் இல்லை, எட்டு வருஷம் துணை அதிபராக இருந்தவர். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும்விட்டது. செனட்டின் நிதிக் குழுவில் போய் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கத்தார் ரொம்ப அதிகம் என்றார்கள், இன்னொரு பக்கத்தார் ரொம்பக் குறைவு என்றார்கள், அவ்வளவுதான், முடிந்தது.

வெளியாள் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்மி கார்ட்டர் இருக்கிறார். ஜார்ஜியா ஆளுநராக இருந்தவரை ‘ஜிம்மி யாரு?’ என்று நாடே கேட்டது. 1976 அதிபர் தேர்தலுக்கான கட்சி ஓட்டில், அயோவாவில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்கள் முதலிடம், கார்ட்டர் அடுத்து. பிறகு உங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் 28 சதவீதத்தோடு முதலில் வந்தார். வாஷிங்டன் அழுக்கு படாதவர் என்பதுதான் அவர் பலம். உள்ளே போனதும் அதுவே பாரமாகிவிட்டது. வீண் செலவு என்று சில அணைத் திட்டங்களுக்குப் பணத்தை நிறுத்தப் பார்த்தார். நியாயமான யோசனைதான். ஆனால் ஒவ்வொரு அணையும் ஏதோ ஒரு உறுப்பினரின் தொகுதியில் இருந்தது, சொந்தக் கட்சிக்காரர்களின் அடிமடியிலேயே கை வைத்ததுபோல் ஆயிற்று. செனட்டில் நூற்றுக்கு 61 பேர் அவர் கட்சியினர், இருந்தும் நினைத்ததில் பாதியைக்கூடச் செய்ய முடியவில்லை. 1980இல் அதே கட்சியின் டெட் கென்னடி அவரை எதிர்த்து நின்றார். கேம்ப் டேவிட்டில் எகிப்தையும் இஸ்ரேலையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்ததும் இதே மனிதர்தான், அதை மறைக்கவில்லை. நல்ல மனிதரா என்பது வேறு, ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவரா என்பது வேறு.

யாங் இதுவரை நடத்தியது ஒரு தேர்வுப் பயிற்சி நிறுவனமும், அதன்பின் 2011இல் தொடங்கிய, பட்டதாரிகளைப் புதிய நிறுவனங்களில் வேலைக்குச் சேர்த்துவிடுகிற வென்ச்சர் ஃபார் அமெரிக்கா அமைப்பும். 2025க்குள் ஒரு லட்சம் வேலைகளை உருவாக்குவது அதன் இலக்கு. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, அந்த எண்ணோ வெகு தூரத்தில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தது, பரவாயில்லை. ஆனால் ராணுவத்துக்குத் தளபதியாக உட்கார வேண்டிய வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார், அனுபவம் என்ன என்று கேட்கத்தான் கேட்பார்கள்.

அப்புறம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘நான் ஆசியன், அதனால் எனக்கு நிறைய டாக்டர்களைத் தெரியும்’ என்று விவாத மேடையில் சொன்னாரே, கூட்டம் சிரித்தது, எனக்குச் சுருக்கென்றது. எட்டாவதில் உன்னைக் கணக்குப் போட்டியில் சேர்த்துவிட்டு உன்னை ஒரு வார்த்தை கேட்காத டீச்சர் நினைவுக்கு வந்தார். ஆனால் டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் வெள்ளையர் அல்லாதவராக அவர் ஒருவர்தான் நின்றார். அதைப் பார்த்தபோது அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும்தான். நம்மைப்போல் ஒருவர் என்கிற பாசம் வேறு, ஓட்டு வேறு என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரைமரியில் 15 சதவீதத்துக்குக் கீழே வாங்கினால், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற கட்சி மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்காது. கணிப்புகளில் அவர் ஐந்தைச் சுற்றித்தான் இருக்கிறார், இந்த மாதம் அயோவாவின் டெ மாய்ன் நகரில் நடந்த விவாதத்தில் இடமே கிடைக்கவில்லை. ஆகவே வீண் ஓட்டு என்று அப்பா சொல்கிறார், நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1968இல் பதவியில் இருந்த அதிபர் ஜான்சனை எதிர்த்து நின்ற சொந்தக் கட்சி செனட்டர் யூஜின் மெக்கார்த்தி உங்கள் மாநிலத்தில் தோற்றுத்தான் போனார், ஜான்சனுக்கு 49 சதவீதம், அவருக்கு 42. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் ஜான்சன் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். மெக்கார்த்திக்காகக் கதவு தட்டிய கல்லூரிப் பையன்கள் தாடியை எடுத்து முடியை வெட்டிக்கொண்டு போனார்களாம். உன் தாடியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நானாக இருந்தால் யாங்குக்குப் போட மாட்டேன். அவர் எழுப்பிய கேள்வியை எடுத்துக்கொண்டு செனட்டில் நாலு பேரைத் திரட்டக் கூடியவருக்குப் போடுவேன். ஆனால் இது உன் ஓட்டு. அவர் தினமும் இரண்டு மூன்று ஊர்க் கூட்டம் நடத்துகிறாராமே, அடுத்த தடவை கையைத் தூக்கி இரண்டே கேள்வி கேள். எஸ்எஸ்ஐ வாங்குகிறவருக்கு உங்கள் திட்டத்தில் என்ன மிச்சம்? இந்த மசோதாவுக்கு ஓட்டுப் போடுவேன் என்று உங்களிடம் சொன்ன செனட்டர் ஒருவர் பெயராவது சொல்வீர்களா? அவர் சொல்கிற பதிலை அப்படியே எனக்கு எழுது, உன் விளக்கம் சேர்க்காமல்.

அன்புடன்,
அம்மா